பெட்டியில்லாத பேஸ்

பூபாலன் மூன்றாவது பாட்டைப் பாதியில் நிறுத்தினான். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கட்டிலுக்குக் குறுக்கே போட்டிருந்த உயரமான மேசையில் திறந்திருந்த லேப்டாப்பையே கொஞ்ச நேரம் பார்த்தான். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த திருமுருகனுக்கு அவன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்தேயிருந்தது.

“இன்னா மாமே, இதுலயும் நம்ம பாக்ஸ் இல்ல.”

“போட்டேன்டா. நீ அனுப்பின ஃபைலைத்தான் போட்டேன்.”

“யாராண்ட சொல்ற? இது ஈக்யூ. மேல நாலாயிரத்துக்கு அப்பால வெட்டிக்கீற. நானூறுல கொஞ்சம் பள்ளம் பண்ணிக்கீற. எம்பதுல ஏத்தி உட்டுக்கீற. சோக்காத்தான் கீது. கோயில் கமிட்டிக்காரனுக்கு இதுவே ஜாஸ்தி. ஆனா பாக்ஸ் இல்ல.”

ஒலியில் எதை ஏற்றினான், எதை இறக்கினான் என்று காதாலேயே கண்டுபிடித்திருந்தான் பூபாலன். சொன்ன எண்கள் மூன்றுமே சரியாக இருந்தன.

ஆடி மாதத்துக்காக வேலப்பன்சாவடிப் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றின் விழாக் குழு கேட்டிருந்த ஒன்பது பாட்டுகள் அவை. கீபோர்டும் தவிலும் உடுக்கையும் வேறு வேறு வீடுகளிலிருந்து மெயிலில் வரும். பேஸ் கிட்டாரை ஆவடியில் தன் வீட்டில் வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மின்சார ரயிலில் திருநின்றவூர் வந்து பூபாலனிடம் கொடுப்பான் திருமுருகன். மெயிலிலேயே அனுப்பலாம். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசியதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்து பாட்டாக ஆக்குவது பூபாலனின் வேலை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் அவன் படுத்து மூன்று வருடம் ஆகிறது. படுத்தபடியே, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்தபடியே, இந்த ஒரு வேலையைச் செய்ய முடிந்தது.

கம்பியிலிருந்து நேராகக் கணினிக்குப் போகும் பேஸ் ஒலி தோலுரித்ததுபோல இருக்கும். நகம் உரசுவது, கம்பி கட்டையில் இடிப்பது எல்லாம் அதில் கேட்கும். மேடையில் அதே ஒலி ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி வழியாக வரும்போது அந்தக் கீறல்களையெல்லாம் பெட்டி விழுங்கிவிடும். கேட்பவனின் நெஞ்சில் ஒரு தள்ளல் மட்டும் மிஞ்சும். வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு மேடையும் இல்லை, பெட்டியும் இல்லை. அதனால் பெட்டியின் குரலை மைக் வைத்துச் சின்னத் துணுக்காகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பிறகு எங்கே வாசித்த பேஸையும் அந்தத் துணுக்கின் வழியாக அனுப்பினால், அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோலவே கேட்கும். பூபாலன் அப்படிப் பிடித்து வைத்திருந்தது இருவரும் முன்பு இருந்த இசைக்குழுவின் பெட்டியை. பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு. அம்பத்தூருக்கு அடுத்த பாடியில் ஒரு தச்சரிடம் பக்கத்திலேயே நின்று, கனமான பிளைவுட்டில் அவனே அளவு சொல்லிச் செய்வித்தது. அறுபது கிலோ. ஒரு மழைநாளில் நிகழ்ச்சி ரத்தாகிக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அதன் எதிரே மைக்கை நிறுத்தி அந்தத் துணுக்கை எடுத்திருந்தான். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தப் பெட்டி அவன் மேல் விழுந்தது.

பூபாலனின் மனைவி ராஜகுமாரி இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். காலையில் ஒரு தனியார் பள்ளியில் ஆயா வேலை, மாலையில் தையல், இரண்டுக்கும் நடுவில் கணவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளை நாள் முழுக்க வீட்டில் பார்க்க முடியும். அவள் டம்ளரை நீட்டும்போது கட்டிலுக்கடியில் எதையோ காலால் தள்ளினாள். பிரிக்காத ஷூ அட்டைப்பெட்டி.

“இன்னும் இத்த வச்சிருக்கியா? யாருக்காச்சும் குடுத்துடேன்” என்றான் பூபாலன்.

“இருக்கட்டும். பாத்து பாத்து வயிறெரியறதுக்குத்தான் வச்சிருக்கேன்.” திருமுருகனைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்களே சொல்லுங்கண்ணா. ரப்பர் செருப்ப மாட்டிகினு யாராச்சும் மாடிப்படியில பாரம் தூக்குவாங்களா? அன்னிக்குக் காலையில கூடச் சொன்னேன், ஷூ போட்டுகினு போன்னு. புது ஷூ. டப்பாவக்கூடப் பிரிக்கல இந்த மனுசன். கால் வழுக்காம இன்னா பண்ணும்?”

மூன்று வருடமாக அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வருடம் அழுதுகொண்டு சொன்னாள். இப்போது அழுகை போய்விட்டது. திருமுருகன் மோரைக் குடித்தான். பூபாலன் வழக்கம்போலச் சிரித்தான்.

“இந்த வாட்டி நீ ஒண்ணியும் பண்ணாத மாமே” என்றான், திருமுருகன் கிளம்பும்போது. “வாசிச்சத அப்டியே அனுப்பு. பச்சையா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

*

மூன்று வருடத்துக்கு முன்பு கரையான்சாவடியில் அவர்கள் வாசிக்கப்போன கல்யாண மண்டபத்தின் வரவேற்புக் கூடம் முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குச் சாமான்களை ஏற்றினார்கள். பெட்டியை மேலிருந்து பிடித்துப் பின்பக்கமாக ஏறியவன் திருமுருகன். கீழிருந்து பாரத்தைத் தாங்கிக்கொண்டு வந்தவன் பூபாலன். படி திரும்புகிற இடத்தில் திருமுருகனின் இடது கை, பெட்டியின் இரும்புப் பிடிக்கும் சுவரோரக் கைப்பிடிக் குழாய்க்கும் நடுவில் சிக்கியது. இரண்டு விரல்கள். அறுபது கிலோவும் அந்த இரண்டு விரல்மேல் ஏறியது.

அந்த நேரத்தில் எதையும் யோசிக்கவில்லை, கை தானாக வந்துவிட்டது என்று அவன் தனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறான். நிறைய நாட்கள் அது வேலை செய்தது. ஆனால் யோசித்தான். “விரல்” என்று யோசித்தான். அந்த ஒரு வார்த்தை அவனுக்குள் மிகத் தெளிவாகக் கேட்டது. இடது கை விரல் போனால் வாசிக்க முடியாது. பிறகுதான் கையை உருவினான். பூபாலன் “புடி, புடி” என்றான். இரண்டாவது ‘புடி’க்கு முன்னாலேயே பெட்டி சரிந்துவிட்டது.

எல்லோரும் ஓடிவந்தபோது, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்றார்கள். பூபாலனின் ஒரு ரப்பர் செருப்பு நாலாவது படியில் தனியாகக் கிடந்தது. திருமுருகன் அதைப் பார்த்தான். “கால் வழுக்கிருச்சு” என்றான்.

டிரம்மர் சுலைமானும் இன்னொருவரும் ஆம்புலன்ஸில் ஏறிப் போனார்கள். நீ இரு, பேஸுக்கு வேற ஆள் கிடையாது, பொண்ணு வீட்டுக்காரங்க சத்தம் போடுவாங்க என்று குழுத்தலைவர் சொன்னார். அவன் இருந்தான். அதில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. பெட்டி உடைந்து படிக்கட்டின் அடியில் கிடந்ததால், பேஸின் ஒயரை நேராக மிக்ஸரில் செருகி, மேலே கொஞ்சம் குறைத்து, கீழே கொஞ்சம் ஏற்றி, இருபத்துமூன்று பாட்டுகள் வாசித்தான். இரண்டு விரல்களிலும் நகம் கறுத்திருந்தது. வலித்தது. ஆனால் ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. நடுவில் மணப்பெண்ணின் மாமா மேடையேறி வந்து, “சவுண்டு சூப்பருங்க” என்று கை கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாளில் வலி போய்விட்டது.

அதன்பிறகு அவன் எந்தப் பெட்டியோடும் வாசிக்கவில்லை. குழுவிலிருந்து விலகிக்கொண்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை அவனுக்கு. வால்வுகளை கேஜ் வைத்து அளந்து, தேறாததை ஒதுக்கிப் போடுவது. தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்த அப்பா, எதையும் அளந்துதான் நம்புவார். மகனும் அப்படித்தான் ஈக்யூவைக் கற்றுக்கொண்டான். ஒலியின் எந்த இடத்தை ஏற்றினால் என்ன வருகிறது, எதை இறக்கினால் என்ன போகிறது என்று ஒவ்வொரு மாலையும் அளவை மாற்றி மாற்றிக் கேட்டான். பெட்டி செய்கிற வேலை மொத்தமும் அதற்குள் இருந்தது. கடைசியில் யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டான், பூபாலன் ஒருவனைத் தவிர.

பூபாலன் அனுப்பிய துணுக்கை அவன் ஒரே ஒருமுறை போட்டுக் கேட்டிருக்கிறான். ஆறு சுரம் வாசிப்பதற்குள் அந்தப் படிக்கட்டின் வாசனை வந்துவிட்டது. சுண்ணாம்பும் பினாயிலும் பந்திக்கு நறுக்கி வைத்திருந்த வெங்காயமும். நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றான். அதன்பிறகு அந்த ஃபைலைத் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும், “போட்டிருக்கேன்டா” என்றான்.

அந்த வாரம் புதன்கிழமை, நான்காவது பாட்டின் பேஸை எதுவும் செய்யாமல் அப்படியே, முதல்முறையாக மெயிலில் அனுப்பினான். பூபாலனிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது.

*

அடுத்த ஞாயிறு அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் வந்தது. ஸ்டேஷனிலிருந்து பூபாலனின் வீடு வரை நடப்பதற்குள் திருமுருகனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் பூபாலன் ஹெட்போன் இல்லாமல் படுத்திருந்தான். அலமாரி மேலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் கட்டிலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள்.

“குந்து” என்றான். திருமுருகன் உட்கார்ந்ததும் பாட்டைத் தட்டினான்.

பேஸ் மட்டும் வந்தது. தவில் இல்லை, குரல் இல்லை. திருமுருகன் தன் வீட்டில் வாசித்ததுதான், ஆனால் அவர்களுடைய பெட்டிக்குள்ளிருந்து வந்தது. அதன் இடது மூலை ஸ்பீக்கரில் எப்போதும் இருக்கும் லேசான கரகரப்பு. கீழ் ‘ஸ’வைத் தொடும்போது பிளைவுட் அதிரும் அந்தத் தட்டல். அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ராஜகுமாரி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“இது அந்தப் பொட்டி சத்தமாச்சே” என்றாள். கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பூபாலன் பாட்டை முழுக்க ஓடவிட்டான். முடிந்தபிறகு கேட்டான்.

“எப்டி கீது?”

“நல்லாருக்கு.”

“அப்பால இன்னாத்துக்கு மாமே போட மாட்டேன்ற?”

திருமுருகன் தரையைப் பார்த்தான்.

“நான் சொல்லட்டா?” பூபாலன் குரலை இறக்கினான். “நான் கீய இருந்தேன். பாரத்த கீய வாங்கறவன் எங்க பாப்பான்? மேலதான் பாப்பான். உன் கையத்தான் பாத்துகினு இருந்தேன்.”

“வழுக்கிருச்சுடா…”

“வயுக்கல. எடுத்த.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திருமுருகன் இடது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

“எப்பத்திலிருந்து தெரியும்?”

“எப்பத்திலிருந்தா? உழுந்துகினு இருக்கும்போதே தெரியும்.”

“அப்புறம் ஏன்டா ஒரு தடவகூடச் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட.” பூபாலன் அதைக் கோபமில்லாமல் சொன்னான். “குரூப்புல பதினாலு பேரு. மொத மாசம் ஆப்பிளும் ஆரஞ்சுமா வந்தானுங்க. அப்பால ஒருத்தனும் வரல. சுலைமான் மட்டும் பெருநாளுக்குப் பிரியாணி குடுத்தனுப்புவான். நீதான் வாரா வாரம் வர. எதுக்கு வர்றன்னு எனுக்குத் தெரியும். தெரிஞ்சிகினே வச்சிருந்தேன். ஞாயித்துக்கெயம எனுக்கு ஒருத்தன் வேணும் மாமே. யாரா இருந்தா இன்னா.”

“உனக்குக் கோவம் இல்லையா?”

“கீது. திங்கள்லருந்து சனி வரைக்கும் கீது. உன்ன வெட்டணும்னு கூடத் தோணும். ஞாயித்துக்கெயம நீ பையத் தூக்கிகினு வந்து நின்னா, அந்தக் கோவத்த வச்சிகினு நான் இன்னா பண்றது?”

திருமுருகன் எழுந்தான். எதற்கு எழுந்தான் என்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்தான். மன்னிச்சிரு என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தான். மூன்று வருடத்தில் எத்தனையோ முறை வாய்க்குள்ளேயே அதைச் சொல்லியிருக்கிறான். இப்போது அது மிகச் சின்ன வார்த்தையாக இருந்தது.

“மன்னிப்பு கின்னிப்பு கேக்காத” என்றான் பூபாலன், அது கேட்டதுபோல. “எனுக்கு அது வேணாம். ராஜியாண்ட சொல்லு.”

“என்னத்தை?”

“நான் செருப்பப் போட்டுகினு போயி என் காலை நானே ஒடச்சிக்கினேன்னு நெனச்சிகினு கீறா. தெனமும் மூத்திரப்பையை மாத்தும்போது சொல்றா. சாப்பாடு போடும்போது சொல்றா. அவ மேல தப்பில்ல. ஆனா எனுக்கு முடியல மாமே. காலு போச்சு, சரி. அந்தப் பேச்சையும் நான் தாங்கணுமா?”

“நீயே சொல்லிருக்கலாமே.”

“நான் சொன்னா நம்புவாளா? வாராவாரம் வந்து பாக்கற ஒரே மனுசன், அவன் மேல பயியப் போடறியான்னு கேப்பா. நீ சொன்னாத்தான் நம்புவா.” கொஞ்சம் நிறுத்தினான். “சொல்லலன்னாலும் பரவால்ல. அடுத்த வாரம் வா. ஆனா அந்தப் பாக்ஸ் இல்லாத பேஸ எடுத்துகினு வராத. நீ நம்ம பாக்ஸப் போட்டு கேட்டுகினுதான் மிச்ச பாட்டெல்லாம் வாசிக்கணும்.”

*

ராஜகுமாரி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் சமையலறை வாசலில் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். “சாப்ட்டுட்டுப் போங்கண்ணா. கீரையும் ரசமும்தான்.”

“ராஜி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“அன்னிக்கு அவன் கால் வழுக்கல. செருப்பால ஒண்ணும் ஆகல. என் கை நசுங்கிச்சு. நான் கையை எடுத்துட்டேன். அதனாலதான் பெட்டி அவன் மேல போச்சு. எல்லார்கிட்டயும் நான்தான் கால் வழுக்கிச்சுன்னு சொன்னேன்.”

ரயில் தண்டவாளப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் வந்து போனது. அவள் கீரையைத் தட்டிலிருந்து முறத்துக்கு மாற்றினாள். திரும்பவும் தட்டுக்கே மாற்றினாள்.

“எந்தக் கை?”

அவன் இடது கையைக் காட்டினான். அவள் எழுந்து கிட்டே வந்து அந்தக் கையைப் பார்த்தாள். தொடவில்லை. காயம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுவதுபோல ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். சுண்டுவிரல்வரை பார்த்து முடித்தாள். அதில் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல்நுனிகளைத் தவிர ஒன்றும் இல்லை.

“அவுரு ஒண்ணுமே சொல்லலியே” என்றாள். “மூணு வருசமா நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிகினு இருந்தேன். சிரிச்சாரு.”

அடுப்பை அணைத்தாள். சுவர்க்கடிகாரம் பன்னிரண்டரையைத் தாண்டியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூபாலனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அந்த நேரம் வந்தால், “கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களாண்ணா” என்பாள். திருமுருகன் வாசலில் போய் நிற்பான், தெருவைப் பார்ப்பான், கூப்பிட்டதும் உள்ளே வருவான். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படித்தான். இன்றும் அவன் பழக்கத்தில் வாசல்பக்கம் திரும்பினான்.

“எங்க போற?” என்றாள் ராஜகுமாரி.

அவன் நின்றான். அவள் கட்டிலருகே போய் மேசையை ஒதுக்கினாள். பூபாலன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே தள்ளில் அவனைச் சுவர்ப்பக்கம் புரட்டினாள். கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னால் வந்து விழுந்தன. அவற்றை எடுத்து, நடுவில் ஒரு தலையணை வைத்து அடுக்கினாள். பூபாலனின் முகம் இப்போது சுவரைப் பார்த்திருந்தது.

லுங்கியை இறக்கிப் படுக்கைப்புண்ணின் மேலிருந்த துணிக்கட்டை அவிழ்த்தாள்.

முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒரு குழந்தையின் உள்ளங்கை அகலத்துக்குச் சதை குழிந்திருந்தது. ஓரங்கள் கறுத்து, நடுவில் ஈரமாகச் சிவந்து. அந்த வாடை திருமுருகனுக்குத் தெரியும். இந்த வீட்டின் வாடை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான்.

“பாரு” என்றாள்.

அவன் பார்த்தான்.

“நல்லா பாரு. ஆற மாட்டேங்குது. ஆறும், திரும்ப வந்துடும்.” பஞ்சு உருளையைப் பிரித்தாள். உப்புநீர் பாட்டிலின் மூடியைப் பல்லால் திறந்தாள். “பின்னால கொயா கீது. கைய கயுவிகினு வா. சோப்புப் போட்டு.”

பின்கட்டில் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. திருமுருகன் குழாயைத் திறந்தான். மாடித் தொட்டியில் காலையிலிருந்து காய்ந்த தண்ணீர், கொதிப்பதுபோல வந்தது. சோப்பைத் தேய்த்து நுரையைக் கழுவினான். திரும்பவும் தேய்த்தான். பக்கத்து வீட்டுக் கொடியில் யாரோ ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டே அவனைப் பார்த்தாள். தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி வடிகாலை எட்டுவதற்கு முன்பே உலர்ந்துகொண்டிருந்தது.